ஒரே ஏரியில் இரண்டு ஆண் மீன்கள்

சத்தியவேட்டைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. ஊத்துக்கோட்டைக்கு வடக்கே, தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் இந்தத் திருப்பதி மாவட்ட எல்லைப் பகுதியில், ஏரியில் தண்ணீர் நின்றதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கிவந்து விடுகிறார்கள். கோடையில் தண்ணீர் இறங்கும்போது வலை போட்டுப் பிடிக்கிறார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் குஞ்சு வாங்க வேண்டும். வற்றாத குளத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கி, கிலோக்கணக்கில் வளர்ந்த கட்லாவும் ரோகுவும்கூடத் தேங்கிய நீரில் பொதுவாக இனம் பெருக்குவதில்லை. அதே தண்ணீரில் ஜிலேபி மீனும் இருக்கிறது. அதை யாரும் காசு கொடுத்து வாங்கி விட வேண்டியதில்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீனின் ஆண், நெருக்கடியான குளத்தில் இரண்டு மூன்று மாத வயதிலேயே, விரல் நீளத்தைச் சற்றே தாண்டியதும், தரைச் சேற்றில் குழி பறித்துப் பெண்ணை அழைக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு ஆண் கிலோக்கணக்கில் வளர்ந்தும் தகப்பனாவதில்லை. இன்னொன்று விரல் நீளத்தில் தகப்பனாகிவிடுகிறது. இரண்டின் உடலையும் ஆராய்ந்தால், மூளையிலிருந்து விந்தகம் வரை வேலை செய்யும் ஹார்மோன்கள் ஏறத்தாழ ஒன்றேதான். ஹார்மோன்கள் ஒன்றாக இருக்கும்போது விளைவு எப்படி இவ்வளவு மாறுகிறது? இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்.

ஆண் மீனின் முதிர்ச்சியை ஹார்மோன்கள் நடத்துகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் எப்போது முதிர்வது என்ற முடிவு ஹார்மோனுக்கு முன்பே எடுக்கப்படுகிறது. உடலில் சேர்ந்த கொழுப்பு, பகலின் நீளம், நீரின் வெப்பம், புது வெள்ளத்தின் வரவு, அருகிலிருக்கும் போட்டி ஆண்கள், தண்ணீரில் கரைந்துவரும் பெண்ணின் வாசனை ஆகிய எல்லாவற்றையும் மூளை ஓயாமல் கூட்டிப் பார்க்கிறது. ஹார்மோன் அந்தக் கணக்கின் விடையை உடலெங்கும் கொண்டுசேர்க்கிறது. இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் மீன் வளர்ப்பில் ஊசியை நம்பி ஆண் மீனை மறந்துவிடும் பழக்கம், இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வந்தது என்பது என் துணிபு.

பாதையை முதலில் பார்த்துவிடுவோம். மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் உள்ள சில நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.ஹெச் என்ற சிறிய புரதத்துண்டைச் சுரக்கின்றன. நம் உடலில் அது ரத்தக்குழாய் வழியாகப் பிட்யூட்டரிச் சுரப்பியை அடைகிறது. எலும்பு மீன்களில் நரம்பிழைகளே நேராகப் பிட்யூட்டரிக்குள் இறங்கிவிடுகின்றன. அதன் தூண்டுதலில் பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச், எல்.ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகிறது. பருவத்தின் தொடக்கத்தில், விந்தணுவின் மூல அணுக்கள் பெருகும் காலத்தில், பல மீன்களில் எஃப்.எஸ்.ஹெச் முன்னிற்கிறது; முடிவில், விந்து முதிர்ந்து வெளியேறும் கட்டத்தில் எல்.ஹெச் எழுகிறது. இரண்டும் விந்தகத்தில் உள்ள லேடிக் அணுக்களைத் தூண்டி ஆண் ஹார்மோனைச் சுரக்கவைக்கின்றன. மனிதனில் அந்த வேலையைச் செய்வது டெஸ்டோஸ்டிரோன். மீனில் முதன்மையானது அதன் நெருங்கிய உறவான 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன். 1960ஐ ஒட்டிக் கனடாவில் டேவிட் ஐட்லரும் உடன் பணிபுரிந்தோரும் சாக்கை சால்மன் மீனின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். ஆண் ரோகுவின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும், பெண்ணுடையது வழவழப்பாக இருக்கும். பருவத்தில் பண்ணைக்காரர்கள் ஆணையும் பெண்ணையும் பிரிப்பது இப்படித்தான். இத்தகைய அடையாளங்களும், ஜிலேபி ஆணின் கறுத்த மேனியும், குழி பறிக்கும் வேகமும் ஆண் ஹார்மோன்களின் வேலை. விந்தணு உருவானதும் கதை முடிவதில்லை. விந்தகத்துக்குள் இருக்கும் அணு முழு வடிவம் பெற்றும் நீந்தும் திறன் இல்லாமல் இருக்கலாம். டி.ஹெச்.பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மூன்றாவது வகை ஹார்மோன், விந்து நாளத்தின் அமிலத்தன்மையைக் குறைத்து அந்தத் திறனைத் தருகிறது. விந்தோடு நீர் சேர்ந்து அது இளகி வழிவதற்கும் துணை செய்கிறது. கெண்டை இனத்தில் தண்ணீர் பட்ட கணமே விந்தணு துடித்தெழும். அந்தத் துடிப்பு ஒரு நிமிடம்கூட நிலைப்பதில்லை. அதற்குள் முட்டையை அடையாவிட்டால் பல மாத உழைப்பு வீண். ஆகவே முதிர்ச்சி என்பது பல மாதம் நீளும் ஒரு வேலையும், சில மணி நேரத்தில் முடியும் இன்னொரு வேலையும் சேர்ந்தது. கட்லாவின் சிக்கல் இந்த இரண்டாவது வேலையில் இருக்கிறது. ஜிலேபியின் அவசரம் முதல் வேலையில் இருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பாதையைக் கையால் தொட்ட நாள் 1957 ஜூலை 10. ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹிராலால் சவுத்ரியும் கே. எச். அலிகுன்ஹியும் பெருங்கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு முட்டையிடச் செய்து வெற்றி கண்டார்கள். அதன் நினைவாகவே ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு முன்பே அர்ஜென்டினாவில் பெர்னார்டோ ஹூசே 1930இலும், பிரேசிலில் ரொடோல்ஃபோ வான் இஹெரிங் 1934ஐ ஒட்டியும் மீன்களுக்குப் பிட்யூட்டரி ஊசி போட்டுப் பார்த்திருந்தார்கள். ஆனால் இங்கே அது நாட்டின் மீன் உணவையே மாற்றியது. அதுவரை வெள்ளக் காலத்தில் கங்கை முதலான ஆறுகளில் வலைகட்டி, கலப்படமாகக் கிடைத்த குஞ்சுகளை ரயிலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இன்று சத்தியவேட்டு ஏரிக்கு வரும் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தது என்றால், அங்குலில் போட்ட ஊசிதான் காரணம்.

அந்த வெற்றியிலிருந்து மக்கள் மனத்தில் ஒரு பாடம் தங்கிவிட்டது: ஹார்மோன் கொடுத்தால் மீன் முதிரும். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. பொரிப்பகத்தில் ஊசிக்கு முன் ஆண் மீனைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பாருங்கள். வயிற்றை லேசாக அழுத்தினாலே பால்போல விந்து வழிகிற ஆணைத்தான் எடுப்பார்கள். அதாவது ஏற்கெனவே முதிர்ந்த ஆணுக்குத்தான் ஊசி. பழைய பிட்யூட்டரி முறையில் பெண்ணுக்கு ஒரு கிலோ எடைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சுரப்பி கொண்ட முதல் ஊசியும், சுமார் ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம் கொண்ட இரண்டாம் ஊசியும் உண்டு. ஆணுக்கோ அந்த இரண்டாம் நேரத்தில் 2 முதல் 3 மில்லிகிராம் ஒரே ஊசி. இவ்வளவு குறைந்த அளவு போதுமென்றால், பெரும்பகுதி வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றுதான் பொருள். முதிராத ஆணுக்கு இதே ஊசியைப் போட்டால் ஒரே இரவில் விந்து வராது. ஏரி நிரம்பியிருந்தால் மதகைத் திறந்ததும் தண்ணீர் பாயும். வறண்ட ஏரியில் மதகை எவ்வளவு தூக்கினாலும் கால்வாய் நனையாது. ஊசி மதகைத் தூக்கும் கைதான். இதற்கு இன்னொரு சான்றும் அதே தொழிலிலேயே கிடக்கிறது. ஊசிக்கான பிட்யூட்டரியை எந்த மீனிலிருந்து எடுப்பது என்பதில் பழைய தொழில்நுட்பர்கள் கறாராக இருந்தார்கள். இனப்பெருக்கக் காலத்துக்குச் சற்று முன்பு, முழுதாக முதிர்ந்த மீனின் சுரப்பிக்குத்தான் வீரியம் அதிகம். பருவம் தாண்டிய மீனுடையதும் இளம் மீனுடையதும் அவ்வளவு பயன்தராது. சுரப்பிக்குள் இருக்கும் ஹார்மோனே பருவத்தைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது என்றால், பருவத்தை அளந்து சொல்வது அந்தச் சுரப்பிக்கு மேலே எங்கோ இருக்க வேண்டும்.

அது மூளைதான் என்பதற்கான தெளிவு கெண்டை இனத்தில் டோபமைனைப் பற்றிய ஆய்வுகளால் வந்தது. கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும் அவருடைய குழுவினரும் தங்கமீனில் காட்டியது இது: மூளை ஒரு பக்கம் ஜி.என்.ஆர்.ஹெச் அனுப்பிப் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. மறுபக்கம் டோபமைன் அனுப்பி எல்.ஹெச் வெளியேறாமல் தடுக்கிறது. முதிர்ந்த மீனின் பிட்யூட்டரியில் எல்.ஹெச் நிறைய சேர்ந்திருந்தும் ரத்தத்துக்கு வராததன் காரணம் இந்தத் தடை. சீனாவின் லின் ஹாவ்ரானும் பீட்டரும் சேர்ந்து, ஜி.என்.ஆர்.ஹெச்சின் செயற்கை வடிவத்தோடு டோபமைனைத் தடுக்கும் மருந்தையும் கலந்து கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். இன்று நம் பொரிப்பகங்களில் பயன்படும் ஓவாப்ரிம் அந்த வழியில் வந்த மருந்து. அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் சால்மன் வகை ஜி.என்.ஆர்.ஹெச்சின் செயற்கை வடிவம் 20 மைக்ரோகிராம், டோம்பெரிடோன் 10 மில்லிகிராம். டோம்பெரிடோன் நம் மருந்துக் கடையில் குமட்டலுக்குக் கிடைக்கும் அதே மருந்துதான். வேற்று மீனின் சுரப்பி இங்கே தேவையில்லை. மீன் தன்னிடமே சேர்த்துவைத்ததை வெளியே விடுகிறது. குளத்தில் நிற்கும் கட்லாவிடம் குறையாக இருந்தது எது என்பதை இந்த மருந்தின் கூட்டே சொல்லிவிடுகிறது. ஹார்மோன் இருந்தது. அதை விடுவிக்கச் சொல்லும் வெள்ளம் வரவில்லை.

ஆண் மீனுக்கு வெள்ளத்தைவிட நெருக்கமான ஒரு செய்தி உண்டு. 1987இல் டல்கா, ஸ்டேசி, சோரென்சென், வான் டெர் கிராக் ஆகியோர் தங்கமீனைப் பற்றி நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான ஆய்வுகளில் ஒன்று. பெண் மீன் முட்டையை முதிரவைக்க உடலில் சுரக்கும் டி.ஹெச்.பி, உடலோடு நிற்காமல் தண்ணீரிலும் கசிகிறது. ஆண் அதை மூக்கால் உணர்கிறது. உணர்ந்ததும் ஆணின் ரத்தத்தில் எல்.ஹெச் எழுகிறது, சில மணி நேரத்தில் விந்தின் அளவு கூடுகிறது. ஒரு ஹார்மோன் பெண்ணின் ரத்தத்தில் ஒரு வேலையையும், தண்ணீர் வழியாக ஆணின் மூளையில் இன்னொரு வேலையையும் செய்கிறது. தங்கமீனும் கட்லா, ரோகுவும் ஒரே கெண்டைக் குடும்பம். வெள்ளமில்லாத ஏரியில் பெண்ணின் முட்டை கடைசிக் கட்டத்தைத் தாண்டுவதில்லை. தாண்டாத பெண் அந்தச் செய்தியைத் தண்ணீரில் விடுவதில்லை. ஆகவே ஆணின் விந்தகம் தயாராக இருந்தும், கடைசி எழுச்சிக்கான தூண்டுதலை அது இழந்துவிடுகிறது என்று கருத நல்ல காரணம் இருக்கிறது.

பருவத்தைப் பற்றியும் சத்தியவேடு ஒன்றைக் கற்பிக்கிறது. கங்கைச் சமவெளியில் இந்தக் கெண்டைகளின் விந்தகம் மாசி, பங்குனியில் வளரத் தொடங்கி, தென்மேற்குப் பருவமழை வரும்போது முழுமை பெறுகிறது. தெற்கே கொண்டுவந்த பிறகும் பொரிப்பகங்களின் பருவம் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். சத்தியவேட்டின் பெரிய மழையோ அக்டோபருக்குப் பிறகு வருகிறது. மீன் தயாராகும்போது ஏரியில் வெள்ளமில்லை. வெள்ளம் வரும்போது மீனின் பருவம் இறங்குமுகத்தில் இருக்கிறது. பகலின் நீளத்தை மட்டும் நம்பியும் மீன் இங்கே நாளைக் கணிக்க முடியாது. டெல்லியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. இந்த அட்சரேகையில் அது ஒன்றரை மணி நேரம்தான். அதனால் தெற்கே வெப்பமும் தீனியும் கூடுதல் எடை பெறுகின்றன என்பது என் ஊகம். தீனியின் பங்குக்குக் கைமேல் சான்று உண்டு. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் தாய், தந்தை மீன்களுக்கென்றே சிஃபாபுரூட் என்ற தீவனத்தை உருவாக்கியிருக்கிறது. நல்ல கொழுப்பும் புரதமும் கொண்ட இத்தகைய தீவனம் தின்ற மீன்கள் வழக்கமான பருவத்துக்கு முன்பே முதிர்கின்றன. தீவனத்தில் ஹார்மோன் எதுவும் இல்லை. மாறியது மூளைக்குப் போன கணக்குதான்.

கொழுப்பு இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு அட்லாண்டிக் சால்மன் பதில் சொல்லும். இதன் பெரும்பாலான ஆண்கள் கடலுக்குப் போய், பல கிலோ எடை வளர்ந்து, பிறகு ஆற்றுக்குத் திரும்பி இனம் பெருக்குகின்றன. ஆனால் சில ஆண் குஞ்சுகள் கடலையே பார்க்காமல், ஒரு சாண் நீளம்கூட இல்லாதபோது ஆற்றிலேயே முதிர்ந்துவிடுகின்றன. பெரிய ஆணும் பெண்ணும் சேரும் வேளையில் இடையில் புகுந்து விந்தை விட்டுச் சில முட்டைகளுக்குத் தகப்பனாகிவிடுகின்றன. எந்தக் குஞ்சு இப்படி முந்தும் என்பதில் அதன் வளர்ச்சி வேகமும் உடலில் சேர்த்த கொழுப்பும் பெரிய பங்கு வகிக்கின்றன. அதுவும் முதிர்வதற்குப் பல மாதங்கள் முன்பே, ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்த கொழுப்பு. ஆண் மீனுக்கு விந்து மலிவு. பெண்ணுக்கு முட்டை விலை அதிகம். அதனால் ஆண் சிறு உடலோடு முந்துவது கட்டுப்படியாகிறது. ஜிலேபியின் அவசரத்தையும் இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். அதே மீன் பெரிய ஏரியில் நன்றாக வளர்ந்த பிறகே முதிர்கிறது. நெருக்கடியும் நிச்சயமின்மையும் உள்ள குளத்தில் சிறு உடலிலேயே முதிர்ந்து, வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தியை இனப்பெருக்கத்தில் போடுகிறது. கோடையில் வற்றப்போகும் குளத்தில் அது மோசமான முடிவல்ல.

போட்டியின் பங்கைப் பற்றிய சான்று இன்னும் வலுவானது. ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரிப் பகுதியைச் சேர்ந்த, ஜிலேபிக்கு உறவான அஸ்டடோடிலாபியா பர்டோனி என்ற சிறு மீனை ரஸ்ஸல் ஃபெர்னால்ட் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அதில் சில ஆண்கள் இடம் பிடித்து, நிறம் காட்டி, ஆட்சி செய்கின்றன. மற்றவை வெளிறிய உடலோடு ஒதுங்கி வாழ்கின்றன. ஆட்சி ஆணின் மூளையில் ஜி.என்.ஆர்.ஹெச் சுரக்கும் நரம்பணுக்கள், ஒதுங்கிய ஆணுடையவற்றைவிட எட்டு மடங்கு வரை பருத்திருந்தன. ஆட்சி ஆணை அகற்றினால், கீழே இருந்த ஆண் சில நிமிடங்களில் நிறம் மாறுகிறது. ஹைபோதலாமஸில் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. பிறகு நாள்கணக்கில் நரம்பணு பருத்து விந்தகமும் வளர்கிறது. நிறத்திலும் மரபணுக்களிலும் உடனே நிகழும் அந்த மாற்றங்களை 2005இல் பர்மைஸ்டர், ஜார்விஸ், ஃபெர்னால்ட் ஆகியோர் காட்டினார்கள். தோற்று மறுபடியும் ஒதுக்கப்பட்டால் அத்தனையும் சுருங்குகிறது. இங்கே ஊசி இல்லை, தீவன மாற்றம் இல்லை, மழை இல்லை. எதிரில் இருந்த ஒரு மீன் இல்லாமல் போனது, அவ்வளவுதான். நம் ஏரிகளிலுள்ள ஜிலேபியிலேயே போர்ச்சுகலைச் சேர்ந்த ரூயி ஒலிவேராவும் உடன் பணிபுரிந்தோரும், ஆண்கள் குழுவில் பெறும் நிலைக்கேற்ப அவற்றின் சிறுநீரில் ஆண் ஹார்மோன்களின் அளவு மாறுவதை 1996இல் காட்டினார்கள். ஆட்சி ஆணின் சிறுநீர் மற்ற மீன்களுக்குச் செய்தியாகவும் பயன்படுகிறது. ஹார்மோன் சண்டையை உண்டாக்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. சண்டையின் முடிவு ஹார்மோனை உண்டாக்குகிறது என்பது மறுபாதி.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் முதலாவது மரபணு. சூழலைக் கூட்டிப் பார்ப்பதெல்லாம் எதற்கு, எப்போது முதிர்வது என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டதாக இருக்கலாமே? இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், அட்லாண்டிக் சால்மன் கடலில் எத்தனை ஆண்டு தங்கி முதிர்கிறது என்பதை வி.ஜி.எல்.எல்.3 என்ற ஒரே மரபணுப் பகுதி பெரிதும் தீர்மானிப்பதைக் கண்டன. வேறுபாட்டில் 39 சதவீதம் அதற்குரியது என்றது ஒரு குழு. வாள்வால் மீனின் ஓரினத்தில் சிறிய ஆண்கள் சீக்கிரமும் பெரிய ஆண்கள் தாமதமாகவும் முதிர்வதற்கு எம்.சி.4.ஆர் என்ற மரபணு எத்தனை படிகளாக இருக்கிறது என்பது காரணம் என்று 2010இல் தெரியவந்தது. இந்தச் சான்றுகளை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இந்த மரபணுக்கள் செய்யும் வேலை என்ன? எம்.சி.4.ஆர், பசியையும் உடலின் சக்தி இருப்பையும் மூளைக்கு உணர்த்தும் வாங்கியின் மரபணு. வி.ஜி.எல்.எல்.3 பாலூட்டிகளில் கொழுப்பணு உருவாவதைக் கட்டுப்படுத்துவதாக அறியப்பட்டது. அப்படியென்றால் மரபணு, நாளைக் குறித்துக் கொடுக்கவில்லை. எவ்வளவு சேமிப்பு போதும் என்ற அளவுகோலைக் கொடுக்கிறது. அளக்கப்படுவது சூழல் தந்த உணவுதான். ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளை நன்றாகவும் அரைப்பட்டினியாகவும் வளர்த்தால் முதிரும் வயது மாறுவதன் காரணமும் இதுவே.

இரண்டாவது எதிர்வாதம் ஹார்மோனின் பக்கத்திலிருந்து வருகிறது. 1991இல் ஜப்பானின் தகேஷி மியூராவும் யோஷிதகா நகஹாமாவும் உடன் பணிபுரிந்தோரும் முதிராத ஜப்பானிய விலாங்கின் விந்தகத் துண்டுகளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் மட்டும் சேர்த்து, மூல அணுவிலிருந்து விந்தணு வரை எல்லாக் கட்டங்களையும் நடத்திக் காட்டினார்கள். மூளையும் இல்லை, ஏரியும் இல்லை. ஜிலேபிக் குஞ்சுகளுக்கு முதல் தீனியிலிருந்து மூன்று நான்கு வாரம், ஒரு கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் கலந்து கொடுத்தால் பெண்ணாக வேண்டியவையும் ஆணாகிவிடும் என்பது வணிகப் பண்ணைகளில் நாள்தோறும் நடப்பது. ஹார்மோன் பாலினத்தையே மாற்றுகிறதே, முதிர்ச்சி எம்மாத்திரம்? விலாங்கு ஆய்வு, விந்தகத்துக்கு வரும் கடைசிக் கட்டளை எது என்பதை நிறுவியது. அந்தக் கட்டளை ஏன் இந்த ஆண்டு வந்தது, போன ஆண்டு ஏன் வரவில்லை என்பதை அது கேட்கவே இல்லை. வளர்ப்பில் வைத்த விலாங்கு தானாக முதிர்வதில்லை என்பதால்தான் அந்த ஆய்வே தேவைப்பட்டது. மெத்தில்டெஸ்டோஸ்டிரோனோ, விந்தகமா சூலகமா என்று இன்னும் உறுதிப்படாத சில வாரங்களில் மட்டும் வேலை செய்கிறது. அப்படி ஆணாக்கப்பட்ட மீனும், பிறகு எப்போது முதிர்வது என்பதில் மற்ற ஆண்களைப் போலவே தீனியையும் நெருக்கத்தையும் போட்டியையும் பார்த்தே நடக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம்தான் கடினமானது. மூளைதான் முடிவெடுக்கிறது என்றால், மூளையின் கட்டளையை நீக்கினால் முதிர்ச்சி நிற்க வேண்டும். வரிக்குதிரை மீனில் கிஸ்பெப்டின் மரபணுக்கள் இரண்டையும் 2015இல் நீக்கிப் பார்த்தார்கள். மனிதனில் பருவமடைதலுக்கு இன்றியமையாத அந்தப் பொருள் இல்லாமலும் மீன்கள் இனம் பெருக்கின. 2016இல் அதே மீனின் முக்கிய ஜி.என்.ஆர்.ஹெச் மரபணுவை நீக்கினார்கள், அப்போதும் பெருக்கின. பாடநூல்கள் வரையும் நேர்கோட்டுச் சங்கிலி உண்மையல்ல என்று இது காட்டுகிறது. அதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பிட்யூட்டரியின் இரண்டு ஹார்மோன்களையும் நீக்கியபோது நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்.ஹெச் மட்டும் இல்லாத ஆண்கள் தகப்பனாயின, எஃப்.எஸ்.ஹெச் மட்டும் இல்லாதவை தாமதமாக முதிர்ந்தன. இரண்டும் இல்லாதவை மலடாயின. ஆகவே பிட்யூட்டரிக்கு மேலே வழிகள் பல, ஒன்று அடைபட்டால் இன்னொன்று வேலையை ஏற்கும். உணவு, ஒளி, வாசனை, போட்டி என்று இத்தனை செய்திகளைக் கூட்ட வேண்டிய மூளைக்கு ஒரே ஒரு வழி மட்டும் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆய்வகத் தொட்டியில் வயிறார உணவும் மாறாத வெப்பமும் பெற்று ஆண்டு முழுவதும் இனம் பெருக்கும் வரிக்குதிரை மீனில், எது தவறினாலும் ஈடுகட்டச் சூழல் இடம் கொடுக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

சத்தியவேட்டிலிருந்து ஆரணி ஆற்றின் போக்கில் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. அங்கே பிடிபடும் கொடுவா மீனில் இதே கதை இன்னொரு திருப்பம் பெறுகிறது. கொடுவா முதலில் ஆணாகவே முதிர்கிறது; மேலும் சில ஆண்டு வளர்ந்து பெருத்த பிறகு பெண்ணாகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவை இந்தியாவில் முதன்முறையாகச் செயற்கைச் சூழலில் இனம் பெருக்கச் செய்தது. அங்கேயும் கைக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. கடல்நீர்த் தொட்டிகளில் மாதக்கணக்கில் நல்ல தீனியோடு பராமரித்து, விந்து வழியும் ஆணையும் முட்டை முதிர்ந்த பெண்ணையும் தேர்ந்த பிறகே ஹார்மோன் ஊசி. ஆணுக்குப் பெண்ணுக்குக் கொடுப்பதில் பாதி அளவு. கெண்டையோடு எந்த நெருங்கிய உறவும் இல்லாத ஒரு கடல்மீனிலும் ஊசி கடைசியாகத்தான் வருகிறது. ஆண்களைப் பராமரிக்காத பண்ணையில் கொடுவாவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வயதான மீன்களை மட்டும் வைத்திருந்தால் எல்லாம் பெண்ணாகிவிடும். இளைய ஆண்களைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பொரிப்பகங்களில் பெண் மீனுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட ஆணுக்குக் கிடைப்பதில்லை என்பதைத் துறை சார்ந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஒரு ஆண் பல லட்சம் முட்டைகளுக்குப் போதும் என்ற எண்ணம் கணக்கில் சரிதான். ஆனால் சில ஆண்களையே ஆண்டுதோறும் பயன்படுத்தினால் குஞ்சுகள் எல்லாம் உடன்பிறப்புகளாகி, உள்ளினக் கலப்பால் வளர்ச்சி குன்றும். பருவத்தின் முடிவில் சோர்ந்த ஆணுக்கு ஊசியின் அளவைக் கூட்டுவதும் பயன் தராது. அதன் விந்தகம் அடுத்த சுற்றுக்கு முன் ஓய்வும் உணவும் கேட்கிறது. ஊசிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே ஆண்களைத் தனிக்குளத்தில், நெருக்கமில்லாமல், கொழுப்பும் புரதமும் உள்ள தீனியில் வைப்பதுதான் உண்மையான ஹார்மோன் சிகிச்சை என்று சொல்லத் துணிகிறேன். சத்தியவேட்டு ஏரிக்குக் குஞ்சு வாங்குபவர், அவற்றின் தகப்பன்கள் எத்தனை, எங்கிருந்து வந்தவை என்று பொரிப்பகத்தைக் கேட்டால் அது முழுக்க நியாயமான கேள்வி.

மூளை தண்ணீரைப் படித்து முடிவெடுக்கிறது என்றால், தண்ணீரில் தவறான செய்தி கலந்தால் முடிவும் தவறும். கனடாவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில் கரென் கிட் தலைமையிலான குழு, 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜெனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் என்ற மிகச் சிறிய அளவில் சேர்த்துவந்தது. அங்கிருந்த சிறு கெண்டை இன மீனின் ஆண்கள், பெண்ணின் கல்லீரல் மட்டும் செய்ய வேண்டிய முட்டைக்கரு முன்புரதமான விட்டெலோஜெனினைச் செய்யத் தொடங்கின. விந்தகங்களின் வளர்ச்சி குலைந்தது. சில ஆண்டுகளில் அந்த மீன் ஏரியிலிருந்தே ஏறத்தாழ அற்றுப்போனது. மாத்திரை உண்டவர்களின் உடலிலிருந்து சாக்கடை வழியாக ஆறுகளுக்கு வரும் பொருள் இது. சத்தியவேட்டின் பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி தொழில்நகரம் வளர்ந்திருக்கிறது, ஊர்களும் பெருகுகின்றன, கண்டலேறு–பூண்டி கால்வாய் இந்த வழியாகவே சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகிறது. நீரின் தரத்தை ஆக்சிஜன், உப்பு, கிருமி என்று சோதிப்பதோடு, ஆண்டுக்கொருமுறை ஏரியிலிருந்து சில ஆண் ஜிலேபிகளைப் பிடித்து அவற்றின் ரத்தத்தில் விட்டெலோஜெனின் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். நல்ல நீரில் வாழும் ஆணின் ரத்தத்தில் அது ஏறக்குறைய இருக்கவே கூடாது. அதனால் சிறிதளவு தென்பட்டாலும் பெண்ணுக்குரிய செய்தி எங்கிருந்தோ தண்ணீரில் கலக்கிறது என்று அறிந்து, மேல்நோக்கித் தேடிப் போகலாம்.